கணிப்பொறியின் பிணியறிதல்

உறுப்புகளைத் தேர்ந்து வாங்கி, வீட்டிலேயே கணிப்பொறியை இணைத்துக்கொள்ளும் மாணவர் பலர். அறிவு வளர்கிறது, விரும்பிய உறுப்பும் அமைகிறது. ஆயினும் அக்கருவி ஒருநாள் இயங்க மறுக்குமாயின், முழுமைக்கும் பொறுப்பேற்க எந்த நிறுவனமும் இராது. ஒவ்வோர் உறுப்புக்கும் உத்தரவாதம் தனித்தனியே உண்டு. எது பழுது என்று கண்டறிவது இணைத்தவரின் கடமை.

பதற்றத்தில் பலவற்றை ஒருசேர மாற்றுவது பெரும்பிழை. பழுது நீங்கினும் காரணம் விளங்காது. நீங்காவிடின் பணமும் வீண், குழப்பமும் மிகுதி. நல்ல மருத்துவர் குறி கண்டே மருந்து தருவார். கணிப்பொறியும் தன் பிணியைக் குறிகளால் உணர்த்தும்.

விசையை அழுத்தியும் விசிறி சுழலவில்லையெனில், முதலில் மின்வழங்கியை ஐயுறலாம். விசிறி சுழன்றும் திரை இருண்டிருப்பின், நினைவக அட்டையைக் கழற்றி மீண்டும் அழுந்தப் பொருத்துதல் வேண்டும். பல வேளைகளில் இதுவே போதும். சிறிது நேரம் இயங்கித் தானே அணையுமாயின், செயலி மிகச் சூடாவது காரணமாகலாம். தூசடைந்த விசிறியையும் உலர்ந்த வெப்பப் பசையையும் கவனிக்க. நாளும் நேரமும் அடிக்கடி பிறழ்ந்தால், தாய்ப்பலகையிலுள்ள 3 வோல்ட் சிறு மின்கலம் தீர்ந்திருக்கக்கூடும். 2000-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் உருவான தாய்ப்பலகைகள் பலவற்றில், மின்தேக்கிகளின் உள்ளிருந்த நீர்மத்தின் குறையால் அவை உப்பிக் கசிந்தன. இத்தகைய பழுது கண்ணுக்கே புலப்படும்.

குறி தெளிவாக இல்லையெனில், குறைத்துப் பார்த்தலே வழி. மின்னிணைப்பை அறவே நீக்குக. உடலில் தேங்கிய நிலைமின் நீங்க, பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொடுக. தாய்ப்பலகை, செயலி, அதன் விசிறி, ஒரே ஒரு நினைவக அட்டை, மின்வழங்கி ஆகியவற்றை மட்டும் விடுத்து ஏனையவற்றைக் கழற்றுக. திரைக்கான வசதி செயலியில் இல்லையெனில் வரைகலை அட்டையும் இருக்கட்டும். இந்நிலையில் இயங்குமாயின், பிறவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும்; ஒவ்வொரு முறையும் மின்னிணைப்பை நீக்கிய பின்னரே கை வைத்தல் வேண்டும். எதனைச் சேர்த்தபின் நின்றதோ, ஆய்வு அங்கே தொடங்கும். மின்வழங்கியின் கூட்டை மட்டும் திறத்தலாகாது. இணைப்பை நீக்கிய பின்னும் அதனுள் உயிருக்கு ஊறு செய்யும் மின்சாரம் தேங்கியிருக்கும்.

வன்தட்டு இவற்றினும் வேறானது. அதிலிருந்து 'டிக், டிக்' எனும் ஓசை எழுமாயின், மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்த்தல் கூடாது. படிக்கும் முனை தட்டின் பரப்பை உராயக்கூடும். ஒவ்வொரு சுழற்சியிலும் இழப்பு மிகும். உடனே அணைத்து, தகவல் மீட்கும் வல்லுநரிடம் சேர்ப்பதே அறிவுடைமை.

மற்ற உறுப்புகளைப் பொருள் கொடுத்து மீண்டும் பெறலாம். ஈராண்டு உழைத்து எழுதிய ஆய்வேட்டையும், மறைந்த பாட்டனாரின் ஒரே நிழற்படத்தையும் எக்கடையில் வாங்குவது? ஆகவே மாணவ நண்பர்களே, கருவி நலமாக இருக்கும் இன்றே அவற்றைப் படியெடுத்து வேறிடத்தில் வையுங்கள். பழுது சொல்லிக்கொண்டு வருவதில்லை.