கடல்கடந்த வாணிகக் கல்விப் பயணமும் அதற்குரிய முன்னாயத்தமும்

கல்வியின் பொருட்டுப் பிறநாடு செல்லும் வழக்கம் புதியதன்று. முற்காலத்தில் அவ்வாறு சென்றோர் ஆண்டுக்கணக்கில் அங்குத் தங்கினர்; கண்டதை மீண்டும் காணவும், பிழைபட உணர்ந்ததைத் திருத்திக்கொள்ளவும் அவர்களுக்குக் காலம் இருந்தது. இக்காலத்துக் கல்விப் பயணங்களோ ஐந்து அல்லது ஆறு நாட்களில் முடிந்துவிடுகின்றன. வர்த்தகத்துறை மாணவன் ஒருவன் அந்நாட்களுள் ஒரு பெருந்துறைமுகத்தையும், சில பண்டகசாலைகளையும், ஓரிரு அலுவலகங்களையும் காணக்கூடும். அவற்றிலிருந்து அவன் எவ்வளவு கற்றுத் திரும்புவான் என்பது, எவற்றை அறிந்துகொண்டு சென்றான் என்பதிலேயே பெரிதும் தங்கியுள்ளது.

இப்பயணங்களின் செலவு பெரும்பாலும் பெற்றாரின் சேமிப்பிலிருந்து வருவது. அந்நியச் செலாவணியாக நாட்டை விட்டு வெளியேறுவது. 2022 ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்தியது. இறக்குமதிக்கு வேண்டிய செலாவணி அற்றுப்போனால் ஒரு நாட்டுக்கு யாது நேரும் என்பதை இத்தலைமுறை மாணவர் எரிபொருள் வரிசைகளில் நின்றே அறிந்தனர். ஆகவே சர்வதேச வர்த்தகம் என்பது அவர்களுக்குப் பரீட்சைக்குரிய பாடம் மாத்திரமன்று. அதனை நேரிற் கண்டு கற்கச் செல்வோர் வெறுங்கையோடு திரும்புதல் தகாது. இக்கருத்தை முன்வைத்து, இலங்கை மாணவர் சிங்கப்பூருக்கு மேற்கொள்ளும் பயணத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, முன்னாயத்தத்தின் கூறுகள் இங்கு ஆராயப்படுகின்றன.

முதலாவது ஆயத்தம் சொந்த நாட்டிலே தொடங்குதல் வேண்டும். தன் துறைமுகத்தை அறியாத மாணவன் பிறர் துறைமுகத்தை எதனோடு ஒப்பிடுவான்? நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆலயத்திலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு, பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஊராத்துறைக்கு வந்த வெளிநாட்டு வணிகருக்கு அளிக்கப்பட்ட பாதுகாப்பைக் கூறுகின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு அரசனின் பண்டாரத்துக்கும் எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன என்றும், வேறு சரக்கு ஏற்றிவந்த கலமாயின் இரு பாதியாகப் பகிரப்படும் என்றும் அது விதிக்கின்றது. அயலான் தன் பொருளோடு அச்சமின்றி வருவதற்குச் சட்டம் துணைநிற்றல் வேண்டும் என்னும் உண்மை அக்காலத்திலேயே உணரப்பட்டிருந்தது என்பது இதனாற் பெறப்படும். காலியிற் கண்டெடுக்கப்பட்டுக் கொழும்பு நூதனசாலையில் வைக்கப்பட்டுள்ள, 1409 ஆம் ஆண்டைக் குறிக்கும் சீனத் தளபதி செங் ஹேயின் கல்வெட்டு, சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளிலும் பொறிக்கப்பட்டது. அந்நாளில் இந்து சமுத்திரத்து வாணிகம் எம்மொழிகளில் நடைபெற்றது என்பதற்கு அதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

இவற்றை அறிந்தபின் கொழும்புத் துறைமுகத்தை ஒரு நாளேனும் பார்வையிடுதல் நன்று. இத்துறைமுகம் ஆண்டொன்றுக்கு 70 இலட்சத்துக்கு மேற்பட்ட கொள்கலன் அலகுகளைக் கையாளுகின்றது. இருபதடி நீளமுள்ள ஒரு பெட்டியே ஓர் அலகாகக் கணிக்கப்படும். அவற்றுட் பெரும்பாலானவை இலங்கைக்குரியனவல்ல. ஒரு கப்பலிலிருந்து இறக்கி மற்றொரு கப்பலில் ஏற்றுவதற்காக இங்கு வருவன. அவற்றிலும் பெரும்பகுதி இந்தியத் துறைமுகங்களுக்குச் செல்வன அல்லது அங்கிருந்து வருவன. 2024 ஆம் ஆண்டின் இறுதியிற் கேரளத்து விழிஞ்ஞம் ஆழ்கடற்றுறைமுகம் வாணிக முறையிற் செயற்படத் தொடங்கியமையால் இத்தொழிலுக்குப் போட்டி அண்மையிலேயே எழுந்துள்ளது. கொழும்பு எதனை இழக்கக்கூடும், எதனைக் காத்துக்கொள்ளலாம் என்ற வினாவைக் கையிற் கொண்டு செல்பவனுக்கே சிங்கப்பூர் விடை கூறும்.

இரண்டாவது ஆயத்தம் செல்லவிருக்கும் நாட்டின் வரலாற்றை அறிதல். கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த ஸ்ராம்போர்ட் ராபிள்ஸ் 1819 ஆம் ஆண்டு சனவரி மாதத்திற் சிங்கப்பூரிற் கரையிறங்கி, பெப்ரவரி 6 ஆம் திகதி சுல்தான் உசேனுடனும் தெமெங்கோங்குடனும் உடன்படிக்கை செய்தார். துறைமுகவரி அறவிடப்படாத சுதந்திரத் துறையாக அது நடத்தப்பட்டது. சீனத்துக்கும் இந்தியாவுக்கும் இடையே செல்லும் கப்பல்கள் மலாக்கா நீரிணையைக் கடந்தாகவேண்டும். 1869 இற் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் அவ்வழியின் முக்கியத்துவம் மேலும் பெருகிற்று. மலாயாவின் வெள்ளீயமும் இறப்பரும் சிங்கப்பூருக்கு வந்து, தரம்பிரிக்கப்பட்டு, உலகெங்கும் சென்றன. தன் மண்ணில் அதிகம் விளையாத பண்டங்களை வாங்கி விற்றலே அதன் சீவனமாயிற்று.

இறப்பரின் வரலாறு இரு நாடுகளையும் ஒன்றாகப் பிணைப்பது. பிறேசிலிலிருந்து கொண்டுவரப்பட்டு இலண்டன் கியூ தோட்டத்தில் முளைக்கவைக்கப்பட்ட கன்றுகள் 1876 இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடையில் நடப்பட்டன. மறுஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. பின்னர் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் தலைவராயிருந்த ஹென்றி றிட்லி, மரத்துக்குக் கேடின்றிப் பால்வெட்டும் முறையை அங்கு வகுத்தார். இன்றும் காணக்கூடிய அத்தோட்டத்துக்குச் செல்லும் மாணவன் இதனை முன்னரே அறிந்திருந்தால், அங்குள்ள மரங்களிடையே ஒரு கண்டத்தின் பொருளாதார வரலாற்றைக் காண்பான். அறியாதவன் நிழலைக் கண்டு மகிழ்வான்.

அவ்வாறே தாங்க் வீதியிலுள்ள தண்டாயுதபாணி கோயிலையும் கூறலாம். 1859 இல் நாட்டுக்கோட்டைச் செட்டிமார் எழுப்பிய ஆலயம் அது. மார்க்கெட் வீதியில் இருந்த அவர்களது கிட்டங்கிகள், வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கிய சிறு வணிகருக்கும் தோட்டக்காரருக்கும் முதல் வழங்கின. வழிபடச் செல்வோர் வாணிகத்துக்கு மூலதனம் எங்கிருந்து வந்தது என்ற வினாவுக்கும் அங்கு விடை காண்பர். யாழ்ப்பாணத்தவருக்கோ இத்தீவு புதியதன்று. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் புகையிரதத்துறையிலும் அரசாங்க அலுவலகங்களிலும் ஊழியம்புரிந்தோர் பலர். குடாநாட்டின் கிராமங்களில் மலாயாப் பென்சனியர் என்ற பெயர் நெடுங்காலம் வழங்கிற்று. சிங்கப்பூரின் முதலாவது வெளிநாட்டமைச்சர் எஸ். இராஜரத்தினம் 1915 இல் யாழ்ப்பாணத்திற் பிறந்தவர். சிங்கப்பூர் தன் அயலை மாத்திரம் நம்பாது உலகம் முழுவதையும் தன் சந்தையாகக் கொள்ளும் நகராதல் வேண்டும் என்னும் கருத்தை அவர் 1972 இல் ஆற்றிய உரையொன்றில் விளக்கினார்.

மூன்றாவது ஆயத்தம் கோட்பாட்டைத் தெளிதல். 1817 இல் டேவிட் றிக்காடோ வெளியிட்ட ஒப்பீட்டுச் செலவுக் கோட்பாட்டை ஒவ்வொரு மாணவனும் இங்கிலாந்தின் துணியையும் போர்த்துக்கலின் திராட்சை மதுவையும் கொண்டு படித்திருப்பான். நிலமும் கனியும் அற்ற சிங்கப்பூருக்கு எதில் ஒப்பீட்டு நன்மை உண்டு? இடவமைப்பு என்று மாத்திரம் விடைகூறுவது போதாது. கொழும்பும் கீழைத்தேயக் கப்பற்பாதையை அடுத்தே உள்ளது. எனினும் 2024 இற் சிங்கப்பூர் 4 கோடியே 11 இலட்சம் அலகுகளைக் கையாண்டு, உலகிற் சாங்காய்க்கு அடுத்த இடத்தைப் பெற்றது. இயற்கை அளித்த இடத்தை மனிதர் எவ்வாறு பயன்படுத்தினர் என்பதே கேள்வி. 1965 இல் மலேசியாவினின்று பிரிந்த அந்நாடு, 1972 யூன் மாதத்தில் தஞ்சோங் பகாரிற் கொள்கலன் துறையைத் திறந்தது. கொள்கலன் முறை நிலைபெறுமோ என்று பலர் ஐயுற்ற காலம் அது. 1989 இல் வர்த்தக அனுமதிப் பத்திரங்களை மின்கணினி வழியாகப் பெறும் ஒழுங்கைத் தொடங்கியது. நேரந்தவறாமையும் ஒழுங்கும் விலைக்கு விற்கத்தக்க சேவைகளே என்பதை இதனால் உணரலாம்.

கொள்கலனின் பயனைச் சிறிது விரித்துரைத்தல் தகும். 1956 ஏப்ரில் 26 ஆம் திகதி அமெரிக்காவின் நியூவாக் துறையிலிருந்து மல்கம் மக்லீன் என்பவரின் ஐடியல் எக்ஸ் என்னும் கப்பல் 58 பெட்டிகளுடன் ஹியூஸ்ரனுக்குப் புறப்பட்டது. அக்காலத்திற் பொதிகளைத் தனித்தனியே ஏற்றுவதற்குத் தொன் ஒன்றுக்கு 5.86 டொலர் செலவாயிற்று; பெட்டியாக ஏற்றியபோது அது ஏறத்தாழ 16 சதமாகக் குறைந்தது என்று கணக்கிடப்பட்டது. மூடை சுமந்த தொழிலாளரின் வேலை குறைந்ததும், பண்டங்கள் மலிவாகத் தூரதேசஞ் சென்றதும் அதே மாற்றத்தின் இரு விளைவுகள். மாணவர் இரண்டையும் நோக்குதல் வேண்டும்.

நான்காவது ஆயத்தம் வர்த்தகப் பத்திரங்களை விளங்கிக்கொள்ளுதல். துறைமுகத்திற் காண்பது பெட்டிகளின் நகர்வே. அதனை நகர்த்துவன கடதாசிகளும் கணினிச் செய்திகளுமாம். ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். கொழும்பில் 1883 முதல் நடைபெறும் தேயிலை ஏலத்தில் வாங்கப்பட்ட தேயிலையைச் சிங்கப்பூர் வணிகர் ஒருவர் வேண்டுகின்றார். விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் கண்டவரல்லர். பணம் வருமுன் சரக்கை அனுப்ப ஒருவர் அஞ்சுவர். சரக்கு வருமுன் பணம் அனுப்ப மற்றவர் அஞ்சுவர். வாங்குபவரின் வங்கி வழங்கும் நாணயக் கடிதம் இவ்வச்சத்தை நீக்குகின்றது. குறித்த பத்திரங்கள் ஒழுங்காகச் சமர்ப்பிக்கப்பட்டாற் பணம் கொடுக்கப்படும் என்று வங்கி அதில் உறுதிகூறும். அப்பத்திரங்களுள் முதன்மையானது, சரக்கை ஏற்றுக்கொண்டதாகக் கப்பற்கம்பெனி கொடுக்கும் சீட்டு. அதனை உரியவாறு கையில் வைத்திருப்பவரே சரக்கைக் கோரலாம். பண்டம் எந்நாட்டில் உற்பத்தியாயிற்று என்பதற்கான சான்றிதழும் சேர்தல் வேண்டும். 2018 இற் கைச்சாத்தான இலங்கை–சிங்கப்பூர் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின் சலுகைகள் உற்பத்தி நாட்டைப் பொறுத்தனவாதலின், சிங்கப்பூர் வழியாக வந்த பிறநாட்டுப் பொருள் வந்த வழியைக்கொண்டு மாத்திரம் சலுகை பெறமாட்டாது.

புள்ளிவிபரங்களை வாசிக்கும் முறையும் இதனுள் அடங்கும். ஏற்றுமதி பொதுவாகக் கப்பலேற்றும் வரையுள்ள விலையிலும், இறக்குமதி காப்புறுதியும் கப்பற்கூலியும் சேர்ந்த விலையிலும் கணிக்கப்படும். ஆதலால் இலங்கை சிங்கப்பூருக்கு ஏற்றியதாகக் கூறும் தொகையும், சிங்கப்பூர் இலங்கையிலிருந்து பெற்றதாகக் கூறும் தொகையும் ஒத்திரா. சிங்கப்பூரின் வர்த்தகம் அதன் தேசிய உற்பத்தியின் மூன்று மடங்குக்கு மேற்பட்டது என்று வாசிக்கும் மாணவன் வியப்படைவான். வந்த பொருளே மீண்டும் ஏற்றுமதியாகி இருமுறை எண்ணப்படுதலையும், தேசிய உற்பத்தியிற் சேர்க்கப்பட்ட பெறுமதி மாத்திரமே கணிக்கப்படுதலையும் அறிந்தவனுக்கு அவ்வியப்பு விளக்கமாக மாறும்.

ஐந்தாவது, களத்தில் நடந்துகொள்ளும் முறை. துறைமுகம் பாதுகாக்கப்பட்ட இடம். முன்னனுமதியின்றி உட்செல்ல இயலாது. ஆகவே அதிபர் வாயிலாகச் சில மாதங்களுக்கு முன்னரே கடிதம் எழுதுதல் வேண்டும். பழைய நூல்கள் புகழும் தஞ்சோங் பகாரிலிருந்து கொள்கலன் வேலைகள் 2017 அளவில் அகற்றப்பட்டன. 2022 இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட துவாஸ் துறைக்கே ஏனைய துறைகளும் படிப்படியாக மாறுகின்றன. இதனை அறியாது நிகழ்ச்சிநிரல் வகுப்போர் ஒரு நாளை இழப்பர். கடவுச்சீட்டு ஆறு மாதமேனும் செல்லுபடியாக இருத்தல் அவசியம். மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. சுதந்திரத் துறையெனப்படும் சிங்கப்பூர், மதுவகை, புகையிலை, மோட்டார் வாகனம், எண்ணெய்ப் பொருட்கள் ஆகியவற்றுக்கு வரி விதிக்கின்றது. சூயிங்கம் இறக்குமதியை 1992 முதல் தடுத்துள்ளது. சுதந்திர வர்த்தகம் என்பது விதிகளற்ற வர்த்தகமன்று என்பதற்கு மாணவனின் பயணப்பையே பாடமாகலாம்.

ஒவ்வொரு மாணவனும் ஒரே ஒரு வினாவைத் தெரிந்தெடுத்துச் செல்வது சாலச் சிறந்தது. நூலகத்திற் பெறத்தக்க விடையை வேண்டி அதிகாரிகளின் நேரத்தை வீணாக்குதல் ஆகாது. "துறைமுகம் எப்போது தொடங்கியது?" என்பது வீண் வினா. "ஒரு கப்பல் தாமதித்து வந்தால் அடுத்த கப்பலுக்குரிய பெட்டிகளை என்செய்வீர்கள்?" என்பது அனுபவத்தை வெளிப்படுத்தும் வினா. கேட்டவற்றை அன்றிரவே குறிப்பேட்டில் எழுதி, கண்டது, கேட்டது, தான் ஊகித்தது என மூன்றாகப் பிரித்தல் வேண்டும். நகரின் தூய்மையையும் மாளிகைகளையும் கண்டு மயங்குதலும், சிறிய நாடாதலின் அதனின்று கற்பதற்கு யாதுமில்லை என ஒதுக்குதலும் ஒருங்கே விலக்கத்தக்கன. அங்குக் கட்டிடத் தொழிலிலும் கப்பற்றளங்களிலும் உழைக்கும் பிறநாட்டுத் தொழிலாளரையும் மாணவர் கண்திறந்து காணல் வேண்டும்; அச்செல்வத்தில் அவர்களது வியர்வையும் கலந்துள்ளது.

திரும்பியபின் செய்வதும் ஆயத்தத்தின் ஒரு பகுதியே. ஏனெனில் அதனை முன்னரே திட்டமிடாவிடிற் பின்னர் ஒருபோதும் செய்யப்படாது. இரு வாரங்களுள் ஒவ்வொருவரும் தம் வினாவுக்குக் கண்ட விடையை எழுதிக் கொழும்போடு ஒப்பிட்டு, வகுப்பில் வாசித்து, ஏனையோரின் மறுப்புக்களுக்கு விடையளித்தல் வேண்டும். திருத்தப்பட்ட கட்டுரைகளைக் கல்லூரி நூல்நிலையத்தில் வைத்தால், செல்ல வசதியற்ற மாணவரும் பயன்பெறுவர். அடுத்த ஆண்டு செல்வோர் முன்னையோர் நிறுத்திய இடத்திலிருந்து தொடங்குவர். சிலரின் பெற்றார் கொடுத்த பணத்தாற் பெற்ற அறிவு, பணம் கொடுக்க இயலாதவரின் பிள்ளைகளுக்கும் இவ்வழியாற் சென்றடையும்.