எங்கள் அடுப்புக்கு எந்த அளவு காஸ் சிலிண்டர்?

உரும்பிராய்ப் பக்கத்தில் காஸ் விற்கும் கடையொன்றின் முன்னால் மாதக் கடைசியில் சிறிது நேரம் நின்றால் இப்படியொரு காட்சியைக் காணலாம். தோட்டக் கூலிக்குப் போய்வந்த ஒருவர் பெரிய வெற்றுச் சிலிண்டரைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வருகிறார். விலையைக் கேட்கிறார். சட்டைப் பையில் உள்ள காசை எண்ணிப் பார்க்கிறார். போதவில்லை. வெற்றுச் சிலிண்டருடனேயே திரும்பிப் போகிறார். அன்றிரவு வீட்டில் காவோலையும் பன்னாடையும்தான் எரியும். சிலிண்டர் குசினி மூலையில் இன்னும் பத்து நாள் வெறுமனே நிற்கும்.

இவர் காஸ் வாங்கியது பிழையல்ல. தன் வீட்டுக்குக் காசு வரும் முறைக்குப் பொருந்தாத அளவை வாங்கியதே பிழை. சொந்தக் காணியை விட்டு வந்து, வாடகை வீட்டிலோ உறவினர் வளவிலோ இருந்துகொண்டு குத்தகைத் தோட்டத்தையும் கூலியையும் நம்பி வாழும் குடும்பங்கள் இதைச் சற்று ஆறுதலாக யோசிக்க வேண்டும்.

கடையில் உள்ள அளவுகள்

எமது நாட்டில் வீட்டுப் பாவனைக்கு மூன்று அளவுகள் உண்டு. லிட்ரோவில் 12.5 கிலோ, 5 கிலோ, 2.3 கிலோ. லாஃப்ஸில் 12.5 கிலோ, 5 கிலோ, 2 கிலோ. இந்த எண்கள் உள்ளே இருக்கும் காஸின் எடையை மட்டுமே குறிக்கும். இரும்பின் எடை வேறு. நிறைந்த பெரிய சிலிண்டர் ஏறக்குறைய 25 கிலோ பாரம் இருக்கும்.

கனடாவில் நாட்டுப்புறங்களில் இருக்கும் எங்கள் உறவினர் சிலரின் வீட்டு வளவில் இரண்டாயிரம் லீற்றர் வரை கொள்ளும் புரொப்பேன் தாங்கிகள் உண்டு. லொறி வந்து நிரப்பிவிட்டுப் போகும். அங்கே குளிர்காலத்தில் வீடு முழுவதையும் சூடாக்க வேண்டும் என்பதால் அவ்வளவு தேவை. எங்களுக்கோ சமையலுக்கு மட்டும் போதும்.

பெரிது வாங்கினால் மலிவா?

அரிசியை மூடையாக வாங்கினால் மலிவு என்பது எங்கள் பழக்கம். காஸுக்கு அந்தக் கணக்குப் பெரிதாகப் பொருந்தாது. 2024 யூலையில் லிட்ரோ அறிவித்த விலையை எடுத்துப் பார்ப்போம். 12.5 கிலோ 3,690 ரூபா, 5 கிலோ 1,482 ரூபா, 2.3 கிலோ 694 ரூபா. கிலோவுக்குப் பிரித்தால் முறையே 295, 296, 302 ரூபா வருகிறது. பெரியதற்கும் நடுத்தரத்துக்கும் கிலோவுக்கு ஒரு ரூபா வித்தியாசந்தான். விலை மாறிக்கொண்டிருக்கும், ஆனால் இப்படிப் பிரித்துப் பார்க்கும் முறை எப்போதும் உதவும்.

சிறியதை வாங்குவதால் வரும் நட்டம் காஸில் அல்ல, அலைச்சலில்தான். கடைக்கு அடிக்கடி போகவேண்டும். கடை தூரமென்றால் அதற்கும் செலவு உண்டு. பெரியதை வாங்குவதால் வரும் கஷ்டம், ஒரே நாளில் பெருந்தொகையைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது. முதன்முறை வாங்கும்போது சிலிண்டருக்கும் றெகுலேற்றருக்கும் குழாய்க்கும் வேறாகப் பணம் கட்ட வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

சாதாரண வீட்டு அடுப்பின் ஒரு வாய் முழுச் சுவாலையில் எரிந்தால் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 200 கிராம் காஸ் போகும். குறைத்தும் கூட்டியும் எரிப்பதால் சராசரி 140 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து பேர் உள்ள வீட்டில் காலைப் புட்டு, மதியச் சோறு கறி, பின்னேரத் தேநீர், இரவுச் சாப்பாடு எல்லாவற்றுக்குமாக ஒரு வாய் மூன்று மணித்தியாலம் எரிந்தால் நாளுக்கு 420 கிராம் முடியும். இந்தக் கணக்கில் 12.5 கிலோ ஒரு மாதம் வரும், 5 கிலோ 12 நாள், 2.3 கிலோ ஐந்து நாள்.

சோறு காய்ச்சுவதையும் வெந்நீர் வைப்பதையும் விறகடுப்புக்கு விட்டுவிட்டு, காலை அவசரத்துக்கும் தேநீருக்கும் கறிக்கும் மட்டும் காஸைப் பாவித்தால் நாளுக்கு 200 கிராம் போதும். அப்போது 5 கிலோ 25 நாள் வரும்.

வெங்காயத் தராசே போதும்

மேலே சொன்னது பொதுக் கணக்கு. உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே கண்டுபிடிக்கலாம். சிலிண்டரின் கழுத்து வளையத்தில் அதன் வெறும் எடை பொறிக்கப்பட்டிருக்கும். வாங்கிய அன்று வெங்காயம் நிறுக்கும் தராசில் சிலிண்டரை நிறுத்து, வெறும் எடையைக் கழியுங்கள். உள்ளே சரியான அளவு காஸ் இருக்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். ஏழு நாள் சமைத்தபின் மறுபடி நிறுங்கள். குறைந்த எடையை ஏழால் பிரித்தால் ஒரு நாட் செலவு வரும்.

தராசு இல்லாதவர்கள் சிலிண்டர் பூட்டிய திகதியைச் சுவரில் எழுதி வைக்கலாம். ஈரத்துணியால் சிலிண்டரைத் துடைத்துப் பார்ப்பதும் ஒரு வழி. திரவம் உள்ள பகுதி பிந்திக் காயும். வெறுமையான மேற்பகுதி முந்திக் காயும்.

நாட் செலவு தெரிந்தால் சேமிப்பும் இலகு. நாளுக்கு 200 கிராம் எரிக்கும் வீடு, 2024 யூலை விலையில் நாளுக்கு 60 ரூபாவை உண்டியலில் போட்டால் 25 ஆம் நாள் அடுத்த 5 கிலோ சிலிண்டருக்குக் காசு தயார்.

யாருக்கு எது?

நிலையான வீடு, மாதச் சம்பளம் அல்லது வெளிநாட்டுக் காசு மாதாமாதம் வரும் குடும்பம், விறகு கிடைக்காத இடம்: இவர்களுக்கு 12.5 கிலோ பொருந்தும்.

நாட்கூலியிலும் வாரக்கூலியிலும் வாழும் குடும்பம், எப்போது வீடு மாறவேண்டி வருமோ என்று இருப்பவர்கள், பெண்களே கடைக்குப் போய்த் தூக்கிவரும் வீடு: இவர்களுக்கு 5 கிலோவே நல்லது. இயலுமானால் காலப்போக்கில் இரண்டாவது 5 கிலோ சிலிண்டரையும் வாங்கி, ஒன்று முடிய மற்றதைப் பூட்டலாம்.

தனித்திருக்கும் முதியவர், கைக்குழந்தைக்கு இரவில் பால் காய்ச்ச வேண்டிய தாய், விறகடுப்பையே முக்கியமாகப் பாவித்து அவசரத்துக்கு மட்டும் காஸ் வேண்டுவோர்: இவர்களுக்குச் சிறியது போதும்.

வெங்காயம் விற்ற கையோடு பெருந்தொகை வரும்போது பெரிய சிலிண்டரை வாங்கிவிடலாம் என்று தோன்றும். ஆனால் அடுத்த முறை நிரப்புவது வெங்காயக் காசிலல்ல, கூலிக் காசில் என்பதை நினைவில் வையுங்கள்.

விறகடுப்பை இடிக்க வேண்டாம்

1990 களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய்க்குப் பட்ட பாட்டை மூத்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது, போய்ச் சேர்ந்த இடத்தில் மூன்று கல்லை வைத்துத்தான் உலை ஏற்றினோம். பின்னர் 2022 இல் நாட்டில் டொலர் இல்லாமற்போனபோது காஸுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றார்கள். காஸை மட்டும் நம்பிய வீடுகளே அப்போது கூடக் கஷ்டப்பட்டன.

அதற்காகப் புகையில் கிடக்க வேண்டும் என்பதில்லை. மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி வீணாகிறது. அங்கே ஏறக்குறைய 12 கிலோ விறகு செய்யும் வேலையை ஒரு கிலோ காஸ் செய்துவிடும். வீட்டுக்குள் வரும் அடுப்புப் புகையால் 2020 இல் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. ஆகவே விறகடுப்பைக் காற்றோட்டமான இடத்தில், புகைபோக்கியுடன் வைத்திருங்கள். பொச்சுமட்டையும் சிரட்டையும் மழைக்கு நனையாமல் ஒரு மூலையில் இருக்கட்டும்.

கொட்டிலில் காஸ் பாவிப்போர் கவனத்துக்கு

2021 நவம்பரில் நாட்டின் பல இடங்களில் காஸ் விபத்துகள் நடந்தன. புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரண்டின் கலவை விகிதம் மாறியதே முக்கிய காரணம் என்று அதை ஆராய்ந்த சனாதிபதி குழு தெரிவித்தது. புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். கலவை எங்கள் கையில் இல்லை. குழாயும் வால்வும் எங்கள் கையில் உண்டு.

காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் நிலத்தோடு தங்கும். எனவே சிலிண்டரைப் பள்ளத்தில் வைக்கக் கூடாது. எப்போதும் நிமிர்த்தியே வைக்கவும். முடியும் தறுவாயில் சரித்துப் படுக்கவைத்து எரிப்பது ஆபத்து. விறகடுப்பும் காஸும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக் கூடாது. கிடுகுக் கூரையின் கீழ் இது மிகவும் முக்கியம். புதுச் சிலிண்டர் பூட்டியதும் மூட்டுகளில் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிகிறது. மணம் வந்தால் ரோச்சும் லைற்றும் போடாமல் கதவுகளைத் திறந்து, றெகுலேற்றரை மூடி எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். சமைத்து முடிந்தால் அடுப்பை மட்டுமல்ல, றெகுலேற்றரையும் மூடுங்கள்.

கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் இருந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று லூக்கா நற்செய்தியில் ஆண்டவர் சொல்லுகிறார். சிலிண்டருக்கும் அந்தப் புத்தி பொருந்தும். கடைக்குப் போகுமுன் கணவனும் மனைவியுமாக ஒரு பின்னேரம் இருந்து மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் அடுப்பு எரிகிறது? காசு எத்தனை நாளைக்கு ஒருமுறை, எவ்வளவு வருகிறது? இந்த வீட்டில் இன்னும் எவ்வளவு காலம் இருப்போம்? மூன்றுக்கும் விடை கிடைத்தால் உங்களுக்கு வேண்டிய அளவு எதுவென்று தெரிந்துவிடும்.