சர்க்கரை நோய் ஆராய்ச்சிக்கு வெள்ளோட்ட நிதி

புது மில்லில் இருந்து அரிசி வந்தால் எடுத்த எடுப்பில் நாம் லோடு இறக்குவதில்லை. இரண்டு மூட்டை வாங்கி வைத்து, வாங்கிப் போனவர் திரும்ப வந்து கேட்கிறாரா என்று பார்த்த பிறகுதான் ஆர்டர். அந்த இரண்டு மூட்டைப் பணம் போனாலும் கடை படுத்துவிடாது. பல்கலைக்கழகங்களில் சர்க்கரை நோய் ஆராய்ச்சிக்குத் தரப்படும் 'பைலட் கிராண்ட்' என்னும் வெள்ளோட்ட நிதியும் இதே கணக்குத்தான்.

பெருந்தொகை தருவோர், முதற்கட்ட முடிவுகளைக் கொண்டு வா என்பார்கள். பணம் இல்லாமல் முடிவு எங்கிருந்து வரும்? பழைய கணக்கு இல்லாத புதுக் கடைக்காரர் வங்கியில் படும் பாட்டைத்தான் இளம் ஆராய்ச்சியாளரும் படுகிறார். இதற்காகவே அமெரிக்க அரசு நிதியில் இயங்கும் பல்கலைக்கழகச் சர்க்கரை நோய் ஆராய்ச்சி மையங்கள் ஒரு பங்கைத் தனியே ஒதுக்கி, புதிய யோசனைகளுக்குச் சிறு தொகைகளாகத் தருகின்றன. நம் நாட்டில், 1972-ல் தொடங்கிய ஆர்.எஸ்.எஸ்.டி.ஐ. என்னும் மருத்துவர் சங்கம் சர்க்கரை நோய் ஆய்வுகளுக்கு உதவித்தொகை வழங்குகிறது. இது கடன் அல்ல. ஆனால் செலவுக் கணக்கும் அறிக்கையும் கொடுத்தாக வேண்டும்.

சிறிதாகத் தொடங்குவதன் பயனை நம் சரக்கிலேயே பார்க்கலாம். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, பட்டை தீட்டாத அரிசியைப் பரிசோதித்தார்கள். 2014-ல் வெளியான முதல் ஆய்வில் இருந்தவர்கள் 15 பேர்தான், அனைவரும் எடை கூடியவர்கள். திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு வகைச் சோறு, இரண்டு வாரம் இடைவெளி, பிறகு அடுத்த வகை. வெள்ளை அரிசியோடு ஒப்பிட்டால் தீட்டாத அரிசியில் இரத்தச் சர்க்கரை ஏற்றம் சுமார் 20 சதவீதம் குறைவு. நாளுக்கு 50 கிராம் பருப்பு, பயறு சேர்த்தபோது சுமார் 23 சதவீதம் குறைவு.

அடுத்து 166 பேரை வைத்து, வகைக்கு மூன்று மாதம் வீதம் நடந்த பெரிய ஆய்வு 2019-ல் வெளியானது. மொத்தத்தில் இரண்டு அரிசிக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. தொப்பை, இரத்த அழுத்தம் போன்றவை சேர்ந்தே இருந்தவர்களுக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை சற்றுக் குறைந்தது. இரண்டு மூட்டை விற்ற வேகத்தில் லோடும் விற்றுவிடும் என்பதில்லையே! முதல் ஆய்வு வீண் என்றும் இதற்குப் பொருளில்லை. அது நடக்காமல் 166 பேருக்கு மாதக்கணக்கில் சோறு போட யார் பணம் தருவார்?

2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். அவர்களில் பலர் நம் கடைக்கு வந்துதான் எந்த அரிசி நல்லது என்று கேட்கிறார்கள். தீட்டாத அரிசியைத் தாராளமாக வைத்து விற்கலாம். சர்க்கரை இறங்கிவிடும் என்று உறுதி சொல்லி விற்க இந்த ஆய்வுகளில் இடமில்லை. மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டால் மருத்துவரைக் கைகாட்டிவிட வேண்டும். இலஞ்சி, குற்றாலம் வட்டாரக் கடைக்காரர்களுக்கு இன்னொன்று: தவிட்டில் எண்ணெய் இருப்பதால் இந்த அரிசி சீக்கிரம் வாடை அடிக்கும், வண்டும் விழும். சாரல் காலத்தில் பதினைந்து நாள் விற்பனைக்கு மேல் சரக்கு பிடிக்காதீர்கள்.