ஆழ்கடலில் நிலைகொள்ளும் இயந்திரக் கரங்கள்

கடலின் மேற்பரப்பிலே மனிதன் பன்னெடுங்காலமாக மரக்கலம் செலுத்தி வந்துள்ளான். அதன் அடித்தளமோ அண்மைக்காலம் வரை அவன் கைக்கு எட்டாததாகவே இருந்தது. இன்று அவ்வடித்தளத்தில் எண்ணெய்க் கிணறுகளின் வால்வுகளும் குழாய்களும் நிறுவப்பட்டுள்ளன. நிறுவியவற்றைக் காலந்தோறும் பழுதுபார்த்தலும் வேண்டுமன்றோ? அப்பணியை ஆற்றும் ரோபோக்கள் நீருக்கடியில் எவ்வாறு நிலைகொள்கின்றன என்பதை ஈண்டுச் சுருங்க விளக்க விரும்புகின்றோம்.

நீரினுள் ஒவ்வொரு 10 மீற்றர் இறங்குந்தோறும் அமுக்கம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு கூடும். 1988 ஆம் ஆண்டிற் கொமெக்ஸ் என்னும் பிரெஞ்சு நிறுவனத்தின் சுழியோடிகள் மத்தியதரைக் கடலில் 534 மீற்றர் ஆழத்திற் பணிசெய்தமை ஓர் அருஞ்செயலாகும். எண்ணெய்க் கிணறுகளுட் பல 1,500 மீற்றருக்கும் கீழே உள்ளன. அங்கே 150 வளிமண்டல அமுக்கமும் காரிருளும் கடுங்குளிரும் உண்டு. ஆதலின், கப்பலிலிருந்து வடத்தினாற் பிணைக்கப்பட்ட ரோபோ கீழே செல்கின்றது. அதனை இயக்குபவர் கப்பலில் அமர்ந்து, அது அனுப்பும் படத்தை நோக்கியவாறே அதன் கரங்களைத் தொழிற்படுத்துகின்றார்.

தரையிலே பல தொன் நிறையுள்ள இவ்வியந்திரம், நுண்ணிய கண்ணாடிக் குமிழிகள் செறிந்த மிதவைப் பொருளாற் கடலில் ஏறத்தாழ நிறையற்றதாகி விடுகின்றது. எளிதாக நீந்துதற்கு இஃது உதவும். வேலை செய்தற்கோ இதுவே பெருந்தடை. தோணியில் நின்று இறங்குதுறையைக் காலால் உந்தினால், துறை அசைவதில்லை, தோணியே பின்செல்லும். ஒவ்வொரு தாக்கத்துக்கும் சமமும் எதிருமான மறுதாக்கம் உண்டு என்ற நியூற்றனின் மூன்றாம் விதி இங்கே தன் ஆட்சியைக் காட்டுகின்றது. ரோபோ ஒரு வால்வை வலமாகத் திருக முயன்றால் அதன் உடல் இடமாகத் திரும்பப் பார்க்கும். நீரோட்டமும் வடத்தின் இழுப்பும் இத்தொல்லையை மிகுவிக்கும்.

இதனை வெல்லும் வழிகளுள் முதலாவது, ரோபோ தன் சுழல்விசிறிகளால் ஓரிடத்தில் நிற்றல். கடலடிக்கு ஒலியலைகளை அனுப்பி, மீளும் ஒலியின் மாற்றத்தால் தன் வேகத்தை அது கணிக்கின்றது. அமுக்கத்தால் ஆழத்தையும், சுழல்மானியால் திசையையும் அறிகின்றது. இங்கே ஒரு நுட்பம் கருதத்தக்கது. ரோபோவைச் சிறிதளவு மேலெழும் இயல்புடையதாகவே அமைப்பர். அதனைக் கீழே நிறுத்த விசிறி நீரை மேல்நோக்கித் தள்ளும். ஆகவே கடலடிச் சேறு கலங்கிப் பார்வையை மறைப்பதில்லை. கப்பல் அலையில் ஏறியிறங்கும் ஆட்டம் ரோபோவைத் தாக்காதவாறு, இடையிலே ஒரு கூட்டினைத் தொங்கவிட்டு, அதிலிருந்து மெல்லிய வடத்தைத் தளர்வாக விடுவதும் உண்டு.

இரண்டாவது வழி பற்றிக்கொள்ளல். பனையேறுவோர் தளைநாரால் நிலைகொண்ட பின்னரே பாளையிற் கைவைப்பர். அவ்வாறே ரோபோவும் ஒரு கரத்தால் உபகரணத்திலுள்ள கைப்பிடிச் சட்டத்தைப் பற்றி, மறுகரத்தாற் பணிசெய்கின்றது. சில உபகரணங்களிற் புனல்வடிவத் துளைகள் உண்டு; அவற்றுள் ரோபோவின் முளைகள் புகுந்து இறுகிக்கொள்ளும்.

மூன்றாவது வழியே மிக நுட்பமானது. வால்வின் தண்டைச் சுற்றி ஒரு கிண்ணம் அமைப்பர். திருகும் கருவி அக்கிண்ணத்திற் பொருந்திப் பூட்டிக்கொள்ளும். மறுதாக்கத்தைக் கிண்ணமே தாங்குதலின், ரோபோவின் உடல் திரும்புவதில்லை.

நிலைகொள்ளாமையால் விளையும் இடருக்கு மெக்சிக்கோ வளைகுடா சான்றாகும். 2010 ஏப்ரல் 20 ஆம் நாள் டீப்வாட்டர் ஹொறைசன் எண்ணெய் மேடை வெடித்து 11 பேர் மாண்டனர். ஏறத்தாழ 1,500 மீற்றர் ஆழத்திலிருந்த கிணற்றின் அடைப்பானை மூட ரோபோக்கள் முயன்றும், அடைப்பான் பழுதுற்றிருந்தமையாற் பயன் விளையவில்லை. பின்னர் எண்ணெயை ஏந்துதற்கு ஒரு மூடி பொருத்தப்பட்டது. யூன் 23 ஆம் நாள் ரோபோ ஒன்று அம்மூடியின் வெளிவழி ஒன்றில் மோதியது. மூடியைக் கழற்ற நேர்ந்தது. பல மணி நேரம் எண்ணெய் தடையின்றிக் கடலிற் பாய்ந்தது. எனினும், யூலை 15 ஆம் நாள் புதிய மூடியால் ஒழுக்கு நிறுத்தப்பட்டபோது, அதற்குத் துணைநின்றவையும் ரோபோக்களே.

கப்பலை எதிர்பாராது கடலடியிலேயே தங்கும் ரோபோக்களும் இப்பொழுது உருவாகி வருகின்றன. நோர்வேயிற் பல்கலைக்கழக ஆராய்ச்சியின் பயனாக 2015 ஆம் ஆண்டில் தோன்றிய ஈலூம் நிறுவனம் பாம்பு வடிவினதாகிய ரோபோவை அமைத்தது. உடலின் ஒரு முனையாற் பற்றிக்கொண்டு மறுமுனையாற் பணிசெய்ய அதனால் இயலும். இத்தகையவை தம் தங்குநிலையத்தைத் தொலைவில் ஒலியாலும், அண்மையில் ஒளியாலும் இனங்கண்டு வந்தடையும். உலோகத் தொடுகையின்றியே மின்சாரம் ஏற்றும் முறையும் உண்டு. உப்புநீர் அரிப்புக்கு அஃது இடந்தராது.

நியூற்றனின் விதியை எம் மாணவர் பரீட்சைக்காக மனனஞ் செய்கின்றனர். அவ்விதியை உணர்ந்து ஒரு கிண்ணத்தை உரிய இடத்தில் அமைத்த பொறியியலாளர், கடலடியில் ஒரு வால்வைத் திறக்கவும் மூடவும் வகைசெய்தனர். கற்றதை இவ்வாறு பொருளிற் பொருத்திக் காணும் இளைஞர் எமது கல்லூரியிலிருந்தும் தோன்றுவாராக.