தங்கம் பிடிக்கும் தொட்டிக்கரி

காங்கேயம் பக்கம் உலர்களங்களில் பருப்பு கொப்பரையாகக் காய, தேங்காய்த் தொட்டி தனியே லாரி ஏறுகிறது. கரியாகி, துளை திறந்து, கடைசியில் அது போய்ச் சேரும் இடங்களில் ஒன்று தங்கச் சுரங்கம்.

ஒரு டன் பாறையில் சில கிராம் தங்கம் இருந்தாலே சுரங்கத்துக்குக் கட்டுப்படியாகும். பாறையை மாவாக அரைத்து, நீர்த்த சயனைடு கரைசலில் காற்றோடு கலக்கினால் தங்கம் கரைந்துவிடும். கரைந்ததைச் சேற்றுக் குழம்பிலிருந்து மீட்பதுதான் பெரும்பாடு. முன்பு குழம்பை வடிகட்டித் தெளியவைத்து, துத்தநாகத் தூள் போட்டுத் தங்கத்தைப் படியவைத்தார்கள். 1973இல் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவிலுள்ள ஹோம்ஸ்டேக் சுரங்கம், குழம்புக்குள்ளேயே கரியைப் போடும் முறையைப் பெரிய அளவில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. குழம்பு கலனுக்குக் கலன் இறங்கிவர, கரி எதிர்த்திசையில் ஏறும். தங்கம் பிடித்த கரியைச் சல்லடையில் பிரித்து, சூடான காரக் கரைசலில் கழுவித் தங்கத்தை இறக்குவார்கள். கரி மறுபடி சூளைக்குப் போய், மறுபடி வேலைக்கு வரும்.

இதற்கு ஏன் தேங்காய்த் தொட்டி? தொட்டிக்கரியை 900 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் நீராவியால் பதப்படுத்தும்போது உள்ளே கணக்கற்ற நுண்துளைகள் திறக்கின்றன. பெரும்பாலானவை 2 நானோமீட்டருக்கும் குறுகியவை. ஒரு கிராம் கரியின் உட்பரப்பை விரித்தால் 1,000 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 25 சென்ட் நிலம். தங்கத்தைச் சுமந்த சயனைடு அயனிகள் அந்தத் துளைச் சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றன. பள்ளிப் பாடத்தில் படித்த பரப்புக் கவர்தல் இதுதான். மரக்கரியிலும் துளை உண்டு. ஆனால் கலக்கலில் நொறுங்கும், உதிர்ந்த தூளோடு தங்கமும் கழிவில் போய்விடும். தொட்டிக்கரிக்கு மதிப்பு அதன் கெட்டித்தன்மையால்தான்.

வீட்டுக் குடிநீர் வடிகட்டியில் குளோரின் வாடையை எடுப்பதும் பெரும்பாலும் இதே கரிதான். ஆனால் நீரில் கரைந்த உப்பை அது எடுக்காது.

இவ்வளவு உயர்ந்த சரக்கின் முதல் கட்டம் நம் ஊர்களில் இன்னும் பல இடங்களில் திறந்த குழியில் நடப்பதை ஏற்க முடியவில்லை. குழியில் மூட்டம் போட்டுச் சுடும்போது புகை ஊரைச் சூழ்கிறது; கரியை அணைக்கக் கொட்டும் தண்ணீர் கறுத்து மண்ணில் இறங்குகிறது. கிணறு கெட்டுவிட்டது என்று திருப்பூர் மாவட்ட விவசாயிகள் முறையிட்டு வருகிறார்கள். மூடிய சூளையில் இந்தப் புகையையே எரித்து வெப்பமாக்கிக்கொள்ளலாம். அந்தத் தொழில்நுட்பம் கைவசம் இருக்கிறது. சிறு ஆலைகள் அதற்கு மாற அரசு கடனும் மானியமும் தரட்டும். அதன் பிறகும் திறந்த குழியில் சுடுபவர்களுக்கு உரிமம் கொடுக்க வேண்டாம்.