மேசையில் முட்டுக்கொடுத்த லூட்

லூட், ஐரோப்பாவின் பழைய நரம்பிசைக் கருவி. பாதியாக வெட்டிய பேரிக்காய் போல முதுகு உருண்டிருக்கும். எடை மிகக் குறைவு. ஆனால் அந்த உருண்டை முதுகுதான் வாசிப்பவருக்குத் தொல்லை. மடியில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகும். விழாதிருக்க இடது கையால் தாங்கிப் பிடித்தாலோ, மணிக்கட்டும் தோளும் இறுகிவிடும். தந்திகளின் மேல் விரல் ஓடாது.

கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் பாடகராக இருந்த தாமஸ் மேஸ், 1676-இல் வெளியிட்ட 'மியூசிக்ஸ் மான்யுமென்ட்' நூலில் இதற்கு வழி சொல்கிறார். மேசையருகே நிமிர்ந்து உட்கார வேண்டும். லூட்டின் அடிப்பகுதி வலது தொடையில் இருக்க, கீழ் விளிம்பை மேசை ஓரத்தில் முட்டுக்கொடுத்து, நெஞ்சால் சற்றுப் பலமாக அழுத்த வேண்டும். பக்கத்தில் நிற்பவர் இழுத்தாலும் எளிதில் வரக்கூடாதாம்! கருவி இப்படி உறுதியாக நிற்கும்வரை இடது கைக்கு மேசைமேல் ஓய்வு. கருவியைத் தாங்குவது அந்தக் கையின் வேலையே இல்லை என்று மாணவருக்குப் புரியவைக்க இதைவிட எளிய வழி கிடையாது.

இன்றைய கலைஞர்கள் பலர் தோள்வார் மாட்டிக்கொள்கிறார்கள், காலுக்குச் சிறு மணை வைத்துக்கொள்கிறார்கள். வழுக்காமலிருக்க மடியில் மென்தோல் விரித்துக்கொள்பவர்களும் உண்டு.