வீட்டை இழுத்துக்கொண்டு ஒரு தீவுக்கு!

விடுமுறைக்கு வெளியூர் போவது என்று வீட்டில் முடிவானதும் குழந்தைகள் குதிப்பார்கள். குடும்பத் தலைவர் பெருமையுடன் வரைபடத்தை விரிப்பார். குடும்பத் தலைவி மட்டும் அடுப்பங்கரை அலமாரியைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவாள். எதை எடுப்பது, எதை விடுவது? போகிற இடத்தில் அறை சுத்தமாக இருக்குமா? குழந்தைக்கு வெந்நீர் கிடைக்குமா? இந்தக் கவலைகளுக்கெல்லாம் ஆஸ்திரேலியர்கள் ஒரே பரிகாரம் கண்டிருக்கிறார்கள். வீட்டையே காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்!

இப்படி இழுத்துப் போகும் சக்கர வீட்டுக்குத்தான் காரவன் என்று பெயர். படுக்கை, காஸ் அடுப்பு, குட்டிக் குளிர்ப்பெட்டி, தண்ணீர்த் தொட்டி, கையகலக் கழிப்பறை எல்லாம் அதற்குள் அடக்கம். இந்த வீட்டுடன் அவர்கள் ஆசையாகப் போய் வரும் இடங்களில் ஒன்று தாஸ்மேனியா. அங்கே கடற்கரை ஓரத்திலேயே, வாடகை ஒரு காசு கொடுக்காமல், வண்டியை நிறுத்தித் தங்குவதற்கு இடங்கள் இருக்கின்றன.

காசில்லாமல் கிடைப்பது என்றாலே நமக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். வரத்தான் வேண்டும். இடத்துக்குக் காசு வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் அங்கே குழாய் இல்லை, விளக்கு இல்லை, குப்பைத் தொட்டிகூட இல்லாமல் இருக்கலாம். அவற்றுக்கெல்லாம் நாமேதான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். ஆகவே இந்தப் பிரயாணம் இன்பமாவதும் துன்பமாவதும் கிளம்புமுன் வீட்டில் போடும் திட்டத்தைப் பொறுத்தது.

எங்கே இருக்கிறது?

ஆஸ்திரேலியக் கண்டத்துக்குத் தெற்கே, சுமார் 240 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் இருக்கிறது தாஸ்மேனியா. விஸ்தீரணத்தில் நம் இலங்கையைவிடச் சற்றே பெரியது. ஆனால் இலங்கையில் இரண்டு கோடிக்கு மேல் ஜனங்கள். இங்கே ஆறு லட்சம்கூட இல்லை! நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் வனமும் மலையும் கரையுமாகப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. ஊருக்கு ஊர் நெருக்கியடித்துக்கொண்டு வாழும் நமக்கு, கடற்கரையில் சும்மா வண்டியை நிறுத்தித் தங்கலாம் என்பது கதைபோல் தோன்றுகிறதே, அதற்குக் காரணம் இதுதான்.

மெல்போர்னில் மகனோ மகளோ குடித்தனம் செய்யும் குடும்பங்கள் இன்று தமிழ்நாட்டில் எத்தனையோ. பேரன் பேத்தியைப் பார்க்கப் போகும் பாட்டிமார்களுக்கு இந்தத் தீவு எட்டாத தூரமல்ல.

கப்பல் ஏறுமுன்

'ஸ்பிரிட் ஆஃப் தாஸ்மேனியா' என்ற கப்பல்கள் கார், காரவன், மனிதர் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு பாஸ் ஜலசந்தியைக் கடக்கின்றன. முன்பு மெல்போர்ன் துறைமுகத்திலிருந்து புறப்பட்டுக்கொண்டிருந்தன; 2022-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் ஜீலாங் நகரிலிருந்து புறப்படுகின்றன. இரவில் ஏறினால் பத்துப் பதினோரு மணி நேரம் கழித்து, காலையில் தீவின் வடகரையான டெவன்போர்ட்டில் இறங்கலாம்.

மொத்தச் செலவில் பெரும் பங்கு இந்தக் கப்பலுக்குத்தான். வண்டியின் நீளத்தை அளந்து கட்டணம் போடுகிறார்கள். பின்னால் சைக்கிள் மாட்டும் சட்டம் நீட்டிக்கொண்டிருந்தால் அதுவும் கணக்கில் சேரும். ஆகவே நாலு நாளில் ஓடிப்போய் ஓடி வருவது நஷ்டம். இரண்டு வாரமாவது தங்கினால்தான் கப்பல் கூலி ஒரு நாளைக்கு இவ்வளவு என்று பங்கிட்டுப் பார்க்கும்போது மனம் சமாதானம் அடையும். டிசம்பர், ஜனவரி அங்கே கோடை, பள்ளிகளுக்கும் விடுமுறை. அப்போது போக எண்ணுகிறவர்கள் பல மாதம் முன்பே இடம் பிடிக்க வேண்டும்.

கப்பல் கிளம்பிவிட்டால் வண்டிகள் நிற்கும் தளத்துக்குப் போக விடமாட்டார்கள். மாற்றுத் துணி, மருந்து, கம்பளி, குழந்தையின் பால் புட்டி எல்லாவற்றையும் தனியாக ஒரு கைப்பையில் எடுத்துக்கொள்வது அவசியம். ஜலசந்தி ஆழம் குறைந்தது. ஆனால் அலைக்குக் குறைவில்லை. குமட்டலுக்கு மாத்திரை உண்டானால் அதுவும் கைப்பையில் இருக்கட்டும். காஸ் சிலிண்டரை மூடி வைக்கவும் மறக்கக் கூடாது.

கறிவேப்பிலைக்குத் தடை!

நம் வீட்டுப் பெண்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பழம், காய்கறி, செடி, கொடி எதையும் பச்சையாகத் தீவுக்குள் கொண்டுபோக முடியாது. கறிவேப்பிலைக் கொத்து, கொத்தமல்லிக் கட்டு, பச்சை மிளகாய் எல்லாவற்றுக்கும் இதே சட்டம்தான். கரையில் அதிகாரிகள் மோப்ப நாயுடன் சோதனை போடுகிறார்கள்.

இது வீண் கெடுபிடி அல்ல. தாஸ்மேனியாவுக்கு 'ஆப்பிள் தீவு' என்றே ஒரு செல்லப் பெயர் உண்டு. ஆப்பிளும் செர்ரியும் விளைவித்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். கண்டத்தில் இருக்கும் பழ ஈ இங்கே கிடையாது. 2018-இல் அது எப்படியோ நுழைந்துவிட்டபோது, அதை ஒழித்து, ஈ இல்லாத பிரதேசம் என்ற பெயரைத் திரும்பப் பெற ஒரு வருஷம் பாடுபட்டார்கள். ஒரு மாம்பழத்தால் ஊரார் தோட்டம் பாழாகலாம் என்றால், நாம் ஒரு நாள் கறிவேப்பிலை இல்லாத ரசம் சாப்பிடலாமே!

அரிசி, பருப்பு, சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, பருப்புப் பொடி ஆகியவற்றைத் தாராளமாகக் கட்டிக்கொண்டு போய், காய்கறியை மட்டும் டெவன்போர்ட்டில் இறங்கி வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம். வளர்ப்பு நாயை அழைத்துப் போகிறவர்கள், கிளம்புவதற்கு முன் 14 நாட்களுக்குள் அதற்கு நாடாப்புழு மருந்து கொடுத்து, அதற்கான அத்தாட்சியும் வைத்திருக்க வேண்டும்.

முன்பாரம், பின்பாரம்

மாட்டு வண்டி ஓட்டிய நம் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து அழுந்தும்; பின்பாரம் மிகுந்தால் வண்டி குடை சாயும். காரவனுக்கும் அதே நியாயம்தான். கனமான சாமான்களைத் தரையோடு ஒட்டி, சக்கரங்களுக்கு மேலாக வைக்க வேண்டும். மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு காரின் கொக்கியில் இறங்குவது நல்லது. பின்பக்கம் கனத்தால், வேகமாகப் போகும்போது காரவன் பாம்புபோல் ஆடத் தொடங்கும். காரையும் சேர்த்து இழுத்துவிடும். இரும்புக் கல்லும் அம்மிக்குழவியும் வீட்டிலேயே இருக்கட்டும்.

தண்ணீர்க் கணக்கு

இலவசத் தங்கலில் குடும்பத் தலைவியின் சாமர்த்தியம் வெளிப்படும் இடம் இதுதான். காரவனில் சாதாரணமாக 80 லிட்டர் தொட்டிகள் இரண்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 160 லிட்டர். அதாவது 160 கிலோ பாரம். நாலு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் என்றால் நாலு நாள் வரும். ஆளுக்கு இருபது என்று கையை நீட்டினால் இரண்டே நாள்!

பத்து லிட்டரில் குடிக்க, சமைக்க, பாத்திரம் கழுவ, உடம்பு துடைத்துக்கொள்ள எல்லாம் முடியுமா? முடியும். குக்கரில் அடுக்கு வைத்துச் சாதமும் பருப்பும் ஒன்றாக வேகட்டும். ஒரு வேளை சாம்பார் சாதம், ஒரு வேளை பொங்கல் என்று ஒரே பாத்திரச் சமையலாக வைத்துக்கொள்ளலாம். எச்சில் தட்டுகளை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டுப் பிறகு கழுவினால் பாதித் தண்ணீர் மிச்சம். தோசை மாவை மட்டும் நம்ப வேண்டாம். அந்தக் குளிரில் அது சுலபத்தில் புளிக்காது.

வந்த தண்ணீர் போகவும் வேண்டுமே! கழுவிய நீரைத் தனிக் கலத்திலும், கழிப்பறைக் கழிவை அதற்குரிய பெட்டியிலும் பிடித்து வைத்து, ஊர்களில் இருக்கும் 'டம்ப் பாயிண்ட்' என்ற கழிவு நிலையத்தில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். ஊராட்சி மன்றங்கள் நடத்தும் பல இலவசத் திடல்களில், இப்படிக் கழிவைத் தன்னுள்ளேயே அடக்கிக்கொள்ளும் வண்டிக்குத்தான் இடம். அதுவும் பல இடங்களில் 48 மணி நேரத்துக்கு மேல் தங்கக் கூடாது.

மூன்று நாலு இரவுகளுக்கு ஒரு முறை கட்டணம் வாங்கும் காரவன் பார்க்கில் தங்கிவிடுவது உத்தமம். துணி துவைக்கலாம், தலைக்கு ஸ்நானம் செய்யலாம், தொட்டிகளை நிரப்பலாம், மின்கலத்துக்கும் உயிர் ஊட்டலாம்.

நெருப்பு விரிகுடா

இலவசத் தங்கலுக்குப் பேர்போன இடம், கிழக்குக் கரையில் உள்ள 'பே ஆஃப் ஃபையர்ஸ்', அதாவது நெருப்பு விரிகுடா. வெள்ளை மணல், நீலக் கடல், ஆரஞ்சு நிறப் பாசி படர்ந்த பாறைகள். அந்த நிறத்தைப் பார்த்து வைத்த பெயர் என்று பலர் எண்ணுகிறார்கள், அப்படியல்ல. 1773-இல் டோபியாஸ் ஃபர்னோ என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர், கரை நெடுகிலும் ஆதிகுடிகள் மூட்டியிருந்த நெருப்புகளைக் கடலிலிருந்து கண்டு வைத்த பெயர் அது. அந்த மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உண்டு போட்ட சிப்பிகளின் குவியல்கள் இன்றும் மணல் மேடுகளில் இருக்கின்றன. பின்னால் வந்த வெள்ளையர் குடியேற்றத்தில் அவர்கள் பட்ட அல்லல் பெரியது. அவர்களுடைய சந்ததியார் இன்றும் தீவில் வாழ்கிறார்கள். மணல் மேட்டின்மேல் வண்டி ஏற்றக் கூடாது என்ற விதியைப் படிக்கும்போது இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இங்கே முன்பதிவு கிடையாது. முந்தி வந்தவருக்கு முதல் இடம். தெற்கே ஃப்ரெசினே தேசியப் பூங்காவின் 'ஃப்ரெண்ட்லி பீச்சஸ்' கரையிலும் தங்கக் கூலி இல்லை. ஆனால் தேசியப் பூங்காவுக்குள் நுழைய வண்டிக்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். இரண்டு மாதம் வரை செல்லும் விடுமுறைச் சீட்டு ஒன்று வாங்கிவிட்டால் தீவு முழுவதற்கும் போதும். கிளம்புமுன் ஒவ்வோர் இடத்தின் விதியையும் ஒரு தரம் சரிபார்த்துக்கொள்வது நலம்.

பதினான்கு நாள் திட்டம்

டெவன்போர்ட்டில் இறங்கி, சுமார் 80 கிலோமீட்டரில் உள்ள தொட்டில் மலைக்கு, அதாவது க்ரேடில் மவுண்டனுக்கு, இரண்டு நாள். காரவனைக் கீழே நிறுத்திவிட்டு, பூங்காவின் பஸ்ஸில் டவ் ஏரிக்குப் போக வேண்டும். கோடையிலும் அங்கே சில நாள் பனி பெய்வதுண்டு; கம்பளிக்குச் சோம்பல் படக் கூடாது. பிறகு லான்ஸெஸ்டன் நகரில் ஒரு நாள். நெருப்பு விரிகுடாவில் நாலு நாள். ஃப்ரெசினேயில் இரண்டு நாள். தலைநகரமான ஹோபார்ட்டையும், 1830 முதல் 1877 வரை கைதிகளை அடைத்து வைத்த போர்ட் ஆர்தரையும் பார்க்க மூன்று நாள். திரும்பும் வழியில் ராஸ் என்ற சிற்றூரில், கைதிகள் கட்டி 1836-இல் முடித்த அழகான கல் பாலத்தைப் பார்த்துவிட்டு, மிச்ச நாளில் கப்பலுக்கு வந்து சேரலாம்.

தூரம் குறைவுதானே என்று ஒரே நாளில் ஓட்டித் தள்ளக் கூடாது. மலைப் பாதையில் வளைவுகள் அதிகம். பொழுது சாயும் நேரத்தில் வாலபி, வோம்பாட், தாஸ்மேனியப் பிசாசு என்ற சிறு விலங்கு எல்லாம் சாலைக்கு வந்துவிடும். பெயர்தான் பிசாசு, பாவப்பட்ட ஜீவன்! 1996-இல் கண்டறியப்பட்ட ஒரு முகப் புற்றுநோய் அந்த இனத்தையே வெகுவாகக் குறைத்துவிட்டது. எஞ்சியிருப்பவை நம் சக்கரத்தில் சாக வேண்டாம். மாலை நாலு மணிக்குள் வண்டியை நிறுத்திவிடுவது அவற்றுக்கும் நல்லது, நமக்கும் நல்லது. இரவில் குளிர் காய்வதற்காகக் கதவு ஜன்னல்களை அடைத்துவிட்டுக் காஸ் அடுப்பைப் பற்ற வைக்கவே கூடாது. அதில் உண்டாகும் விஷவாயு தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

யாருக்கு விடுமுறை?

கடைசியாக ஒரு வார்த்தை. வீட்டை இழுத்துக்கொண்டு போகும்போது வீட்டு வேலையும் கூடவே வந்துவிடுகிறது. மற்றவர்கள் அலையில் விளையாட, அம்மா மட்டும் ஆறடி அடுப்பங்கரையில் நின்றால், அவளுக்கு அது விடுமுறையா? கிளம்புமுன்பே வேலையைப் பங்கிட்டு ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டிவிட வேண்டும். தண்ணீர் நிரப்புவதும் கழிவு கொட்டுவதும் ஐயாவின் பொறுப்பு. பாத்திரம் பெரிய பிள்ளைக்கு. படுக்கை மடிப்பது சின்னதுக்கு. சமையலும் முறை வைத்துத்தான்! அப்பா செய்யும் உப்புமா கட்டி தட்டினாலும் கடற்காற்றில் ருசியாகவே இருக்கும்.

இலவச இடங்களைப் பற்றி உள்ளூரில் வாதம் உண்டு. காரவன் பார்க் நடத்துகிறவர்கள், தங்கள் பிழைப்பு கெடுகிறது என்கிறார்கள். குப்பையைச் சுத்தம் செய்யும் செலவு ஊராருக்கு என்றும் குறை எழுகிறது. அந்தக் குறைக்கு நாம் இடம் கொடுக்கலாகாது. தங்கிய ஊரின் கடையில் ரொட்டியும் பாலும் பழமும் வாங்குவோம். புறப்படும் காலையில், நம் வாசலைக் கூட்டுவதுபோல், வண்டி நின்ற இடத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து கடுகளவு குப்பையும் இல்லாமல் பொறுக்கி எடுத்துக்கொள்வோம். அடுத்து வரும் குடும்பத்துக்கும் அந்த இடம் இலவசமாகவே கிடைக்கட்டும்.